கேழ்வரகு

எந்திரத்துக்கு நாள் வாடகை ஆயிரத்தைந்நூறு.
நாகோஜியின் வண்டி ஆர்சி புத்தகத்தை
ஈடாய் வாங்கிப் பெட்டியில் பூட்டிய பிறகுதான்
கோலார் பழைய இரும்புக் கடைக்காரன் கொடுத்தான்.
தட்டு ஒன்று, தடி ஒன்று,
காதுக்கு இரண்டு குமிழ்.
பேட்டரி நம்முடையது.

வேப்பனப்பள்ளி தாண்டி, ஆந்திர எல்லைக்கல் தெரிகிற கரட்டில்
மழை ஓய்ந்த மூன்றாம் நாள் ஏறினோம்.
மேல்மண்ணைத் தண்ணீர் வாரிக்கொண்டு போனால்
அடியில் கிடப்பது கொஞ்சம் கிட்டே வரும் என்றான் திம்மராயன்.
அவன் சொன்னால் கரடும் ஆமாம் போடும்.

முதல் கூவலுக்கு மூவரும் மண்டியிட்டோம்.
லாட ஆணி.
அடுத்தது பீர் மூடி.
பிறகு, முயலுக்குக் குறிவைத்துத் தவறிய
நாட்டுத் துப்பாக்கியின் ஈயக்குண்டு.
பிறகு வெறும் கல்.
கல்லுக்குள்ளும் இரும்பு உண்டாம்,
வெயில் ஏறினால் அதுவும் கூப்பிடுமாம்.
இந்தக் கரட்டில் வாய்மூடிக் கிடப்பது
தங்கம் ஒன்றுதான்.

எனக்குத் தடியைத் தரவில்லை.
என் வலத்தொடையில் ஒரு முழம் எஃகுக் கம்பி,
கிரானைட் குவாரியில் சங்கிலி அறுந்த வருஷம்
தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தது.
நான் பிடித்தால் எந்திரம்
என்னையே தோண்டச் சொல்கிறது.
பத்தடி தள்ளி நில் என்றார்கள்.
காரைமுள்ளும் நானும் நின்றோம்.
கடப்பாரை என்னிடம்.
கூப்பிட்டால் நொண்டிப் போய்க் குத்திவிட்டு
மறுபடி பத்தடி.

நாலு மணி இருக்கும்.
ஓடையோரம், வெள்ளைக்கல் உடைந்து சிதறிய இடத்தில்
ஒரு சன்னக் குரல்,
கொசு ஒன்று காதருகே வந்து யோசிப்பது போல.
நாகோஜி மூச்சை நிறுத்தினான்.
மண்ணைப் பிடி பிடியாய் அள்ளித் தட்டின்மேல் காட்டி,
கத்தாத பாதியைக் கொட்டி,
கத்திய பாதியில் பாதியைக் கொட்டி,
கடைசியில் திம்மராயன் உள்ளங்கையில்
ஒரு கேழ்வரகு.
கேழ்வரகளவு என்று சொல்லவில்லை,
கேழ்வரகேதான், மஞ்சள் பூசிக் குளித்தது.
எச்சில் தொட்டுத் துடைத்தான்.
முன்பல்லில் வைத்து லேசாய்க் கடித்தான்.
"இருக்கு" என்றான்.
யாரும் சிரிக்கவில்லை.
நீயும் பாரு என்று என் பக்கம் நீட்டினான்.

கை மாறும்போது விழுந்ததா, காற்றா,
யார் விரல் முதலில் விலகியது என்பதற்கு
மூன்று சாட்சி இருக்கிறது, மூன்றும் வேறு.

இருட்டும்வரை தேடினார்கள்.
அதே ஓடை, அதே மண்,
அரைமணிக்கொரு லாட ஆணி.
அப்புறம் நாகோஜி
தட்டை மெதுவாய் என் பக்கம் திருப்பினான்.

சட்டைப்பை. சத்தமில்லை.
வாயைத் திற. திறந்தேன்.
கடைவாய்ப் பல்லில் அடைத்த வெள்ளி முனகியது.
அரைஞாண் தாயத்து, கீச்.
தொடைக்கு வந்ததும் அலறியது.
எஃகு எது பொன் எது என்று பிரித்துச் சொல்ல
வேறு மாடல் வேண்டுமாம்,
வாடகை நாலாயிரமாம்.
பன்னிரண்டு வருஷம் என்னோடு ஒரே தட்டில் களி தின்ற இருவர்
என் தொடையைப் பார்த்தபடி நின்றார்கள்,
அதற்குமேல் கேட்க வாய் வராமல்.
லுங்கியை ஒதுக்கித் தழும்பைக் காட்டினேன்.
டார்ச் அடித்துப் பார்த்தார்கள்.
ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

அடிவாரத்தில் யானை விரட்டும் வெடி கேட்டது. இறங்கினோம்.
ஒரே வண்டியில் மூன்று பேர், பேச்சில்லை.
என் தெருமுனையில் நிறுத்தி
வாடகையில் என் பங்கு ஐந்நூறை
எண்ணி வாங்கிக்கொண்டான் நாகோஜி.

விடிந்ததும் செருப்பை வாசற்கல்லில் தட்டினேன்.
காய்ந்த செம்மண் கட்டி கட்டியாய் உதிர்ந்தது.
எங்கிருந்தோ ஓடிவந்த பொட்டைக்கோழி
அவசரமாய் ஒன்றைக் கொத்தி விழுங்கி
தலைசாய்த்து என்னைப் பார்த்தது.

கேழ்வரகாய் இருக்கும்.