உள்பக்கம் திருப்பி

பதினோரு வருசமாய்
துணியை உள்பக்கம் திருப்பித்தான் பார்க்கிறேன்.
வெளிப்பக்கம் எல்லாமே அழகு.
ஓவர்லாக் விட்ட இடம், ஊசி குத்திய ஓட்டை,
கடுகளவு எண்ணெய்க் கறை,
ஒரு தையல் தாண்டி விழுந்த மறு தையல்
உள்ளேதான் இருக்கும்.

அவிநாசி ரோட்டு சென்டரில் ஏசி இருந்தது.
சுவரில் விமானம் பறந்தது,
எட்டு வாங்கியவர்கள் கைகட்டி நின்றார்கள்.
சார் பேசினார், பேசினார்,
இஸ்திரி போட்ட இங்கிலீஷ்
மடிப்புக் கலையாமல் வந்தது.
நான் எழுதிய கட்டுரைக்கு மேல் ஒரு டிக் அடித்து
"சூப்பர்ங்க மேடம், ஏழு வந்துரும்" என்றார்.

என் மூன்றாம் வரியில்
எழுவாய் ஒருமை, பயனிலை பன்மை.
வேணுமென்றே வைத்தது.
புதுசாய் வந்த செக்கிங் பெண்ணைச் சோதிக்க
ரிஜெக்ட் பீஸை லாட்டுக்கு நடுவே செருகுவோமே,
அதுபோல.
நன்றி சொல்லிப் படியிறங்கினேன்.

தெய்வசிகாமணி சாருக்கு
கரட்டாங்காட்டில் ஒரு மாடி ரூம்.
கீழே ஜாப் ஒர்க் யூனிட்.
பவர் டேபிள் ஓடினால்
ஸ்பீக்கிங் வகுப்பு சற்று நிற்கும்.
ஸ்கூல் அவர் வாயில் இஸ்கூல்.
கோபியில் புறப்பட்டு ஈரோடு தாண்டாத இங்கிலீஷ்.
இவரிடமா எனக்கு ஆறரை என்று
முதல் நாள் செருப்பைக் கழற்றாமல் நின்றேன்.

ஆனால் தாளை வாங்கியவர்
ட்யூப் லைட்டுக்குக் கீழே கொண்டுபோனார்.
லேசாய்ச் சாய்த்து,
வரிக்கு அடியில் விரலை வைத்து நகர்த்தினார்.
எங்கள் டேபிளில் அப்படித்தான் பிடிப்போம்.

ஐந்தரை போட்டார்.
ஏழு வட்டம்.
வட்டத்துக்கு வட்டம், ஏனென்று ஓரத்தில்.
"இங்க நீங்க சொல்ல வந்தது வேற,
சொன்னது வேறங்க."

அதற்காக நம்பிவிட முடியுமா.
பையர் அனுப்பிய ஆளையே நம்பாதவள்.
மூன்று வாரம் விட்டு
அதே கட்டுரையை
சுகந்தாமணி கையெழுத்தில், சுகந்தாமணி பேரில் கொடுத்தேன்.
அவள் ட்ரிம்மிங் செக்சன், பத்தாவது தமிழ் மீடியம்.
ஒவ்வொரு எழுத்தையும் கோலப் புள்ளி மாதிரி
எண்ணி எண்ணி வரைந்தாள்,
கூலிக்கு இரண்டு முட்டை பஃப்ஸ் கேட்டாள்.

ஐந்து வந்தது.
எட்டு வட்டம்.

பிடித்துவிட்டேன் என்று மாடியேறி
இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்,
லாட் நம்பர் காட்டி மேஸ்திரியைக் கேட்பதுபோல.
கீழே மெஷின் ஓடியது.
அது நிற்கும்வரை படித்துக்கொண்டே இருந்தார்.
பிறகு எட்டாவது வட்டத்தைத் தொட்டார்.
"மொதத் தடவ இத நான் உட்டுட்டனுங்க.
அன்னைக்கு ராத்திரி பதினொன்னு,
உங்குளுதுதான் கடைசித் தாளு."
பேனாவைத் திறந்து
என் பழைய ஐந்தரையை அடித்தார்,
ஐந்து என்று எழுதினார்,
தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

என் அரை மார்க் போனது.

போன தீபாவளிக்கு முந்தின ஷிப்மென்ட்.
ராத்திரி ரெண்டு மணி.
கைக்குழந்தைச் சட்டை, வெளிர்மஞ்சள்,
கழுத்தோரம் ஒரு ஓட்டை.
பார்த்துவிட்டுத் தள்ளினேனா
பார்க்காமலே தள்ளினேனா
இன்றுவரை தெரியவில்லை.
பாஸ் சீல் என்னுடையது.
யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

"உங்க வாத்தியாரு எப்படிக்கா?"
பஃப்ஸ் உதிரியைத் தட்டியபடி சுகந்தாமணி கேட்டாள்.
சம்பளம் வரட்டும் என்றேன்.

பத்தாம் தேதி முதல் தவணை கட்டினேன்.
அவர் எழுதித் தந்த ரசீதில்
என் பேருக்கு ஒரு எழுத்துக் குறைந்தது.
அவர் சிவப்புப் பேனாவையே வாங்கி
வட்டம் போட்டுத்
திருப்பிக் கொடுத்தேன்.