பச்சை என் பங்கு

அந்த வீட்டை நான் பார்த்ததில்லை.
அதன் முன்னால் விரிந்த புல்வெளியை மட்டும்
ஆயிரம் தடவையாவது நனைத்திருப்பேன்.

ஹோபர்னில் ஒரு சந்து, மெழுகுதிரிக் கடைக்கு மேல்மாடி.
நீள மேசை, ஐந்து பெண்கள்.
டார்கஸ் வானம். ஏரியும் அவளே;
அதே நீலத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான் ஏரி.
மெஹெட்டபெல் தூண்களுக்குத் தேன்நிறம் பூசுவாள்.
பச்சை என் பங்கு.
நூறு தாளுக்கு ஒன்பது பென்னி.
தூரிகை முனையை நாக்கில் கூராக்கக் கூடாது என்பது
யாரும் சொல்லாமல் என் ஈறு கற்றுக்கொண்டது.

தாள் என்னிடம் வரும்போதே
வீட்டின் முகத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.
கீழே பொடி எழுத்தில் அச்சாகியிருப்பதோ
'ஹார்ட்ஸ்கோம் மாளிகை, வடக்கு முகப்பு'.
இந்த நாட்டுச் சூரியன் தெற்கை விட்டு நகராது;
பிரபுவுக்காக ஒருநாள் மட்டும்
சுற்றிக்கொண்டு போயிருக்கும்.

ஏரிக்கரையில் மாடுகள் மூன்று.
என்ன நிறமென்று மாதிரித் தாளில் குறிப்பில்லை.
வரைந்தவர் மறந்திருப்பார்,
மாட்டை யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டிருப்பார்.
செங்கல் நிறத்தைத் தொட்டு
மூன்று இழுப்பு இழுத்தேன்.

பிப்ரவரியில் கடிதம் வந்தது.
முதலாளி கிரிம்வுட் எங்கள் எதிரில் உரக்கப் படித்தார்:
எமது மந்தை வெள்ளை, பாட்டன் காலம் தொட்டு வெள்ளை.
என் கூலியில் நாலு பென்னி போயிற்று.

மறுவருஷம் இரண்டாம் பதிப்பு.
மாட்டை வெளுக்கட்டுமா என்று கேட்டேன்.
வேண்டாம் என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.
விருந்துக்கு வருகிறவர்கள் புத்தகமும் கையுமாக நின்று
செம்மாடு எங்கே, செம்மாடு எங்கே என்கிறார்களாம்.
டெவனில் மூன்று வாங்கி
ஏரிக்கரையில் விட்டாயிற்றாம்.

அன்று முழுக்க என் கை என் கையாக இல்லை.

பிறகு தாம்சின் ஹோட் வேலைக்கு வந்தாள்,
அந்தப் பக்கத்துக்காரி.
தாளைப் பார்த்தாள். வலது ஓரம்,
ஓக் மரத்துக்குக் கீழே விரல் வைத்தாள்.
அங்கே செப்புத் தகட்டைச் சுரண்டி வழித்திருப்பார்கள்;
ஒரு கோடுகூட இல்லாத வழுக்கை.
நிறையப் பச்சை குடிக்கும் இடம்,
எனக்குத் தெரிந்தது அவ்வளவே.
"பதினோரு வீடு," என்றாள். "மூணாவது எங்களுது."
மாளிகை ஜன்னலுக்கு இடைஞ்சல் என்று பிரித்தார்களாம்.
படம் வரைகிறவர் வந்து நாற்காலி போட்டபோது
இரண்டு வீட்டில் இன்னும் அடுப்பு எரிந்ததாம்.
அவர் தலையைத் தூக்கிப் பார்த்தாராம்.

மாடு வந்ததே.
அதை மட்டும்தான் நினைத்தேன்.

பச்சையின் ஈரம் காய்ந்ததும்
அதே செங்கல் நிறத்தில் பதினோரு புள்ளி,
ஊசிமுனை அளவு. கூரைகள்.
ஒரு தாளில் அல்ல, அந்த வாரத்து இருநூறிலும்.
தாம்சின் எண்ணிப் பார்த்தாள்.
ஏழாவதைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளச் சொன்னாள்,
கிணறு இருந்ததாம்.

கோடையில் மறுபடி கடிதம்.
இந்தத் தடவை சீமாட்டியின் கையெழுத்து, வாசனைத் தாள்.
ஓக் மரத்தடியில் அந்தச் சிவப்புப் பாப்பிப் பூக்கள்
என்ன அழகு;
தோட்டக்காரரிடம் சொல்லி விதைத்துவிட்டோம்;
அங்கே மட்டும் மண் கறுப்பாய், கொழுப்பாய் இருக்கிறது,
வீசிய விதையெல்லாம் பிடித்துக்கொண்டது.

கிரிம்வுட் எனக்கு ஆறு பென்னி கூட்டிக் கொடுத்தார்.
தாம்சின் தூரிகை அலசிக்கொண்டிருந்தாள்.
தண்ணீர் முதலில் சிவந்தது.
நான் என்னுடையதையும் அதிலே முக்கினேன்,
சேறாயிற்று.