சன்னலைத் திறந்து வைங்க

வீடு பார்க்க ஆள் வருவதற்கு
ஒரு மணி நேரம் முன்னாலேயே
சன்னலைத் திறந்து வைங்க அங்கிள் என்று
முகவர் ஷெர்லின் டியோ செய்தி அனுப்பியிருந்தாள்.
கூடவே ஒரு சிரிப்பு முகம்.
அதற்குப் பின்னால் ஒரு பூ.

நான் மூக்கை நம்பிப் பிழைப்பவன்.
இருபத்தாறு வருடமாகக் குளிர்சாதனம் கழுவுகிறேன்.
ஏணியில் ஏறி மூடியைக் கழற்றினால்
வடிகட்டியில் அந்த வீடே படிந்திருக்கும்.
புளோக் 417, ஒன்பதாம் மாடி:
ஊதுபத்தி, தைலம், ராத்திரி முழுக்கக் கொதித்த எலும்புச் சாறு.
எதிர்வீடு: பண்டான் இலை, சம்பால்,
இஸ்திரி போட்ட பாஜு.
அடுத்த வீட்டில் தனியாள், புதுசு:
அட்டைப்பெட்டியும் ஒரே ஒரு சோப்பும்.
ஹம்டான் ஏணியைப் பிடித்தபடி
இங்கே எத்தனை பூனை என்று கேட்பான்.
சொல்வேன். தப்பியதில்லை.

அன்று என் வீட்டு வடிகட்டியைக் கழற்றி
முகத்தோடு வைத்துப் பார்த்தேன்.
தூசி.
மறுபடியும் முகர்ந்தேன்.
குழாய்த் தண்ணீருக்குக்கூட ஒன்று உண்டு,
இதற்கு அதுவும் இல்லை.

கமலவேணியைக் கூப்பிட்டு
நம்ம வீட்டுல என்ன வருது என்றேன்.
என்னன்னா? மணமா, வாசமா, வாடையா?
அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு, நெடின்னா, வீச்சம்னா?
நாற்றம் என்பதும் ஒரு காலத்தில்
பூவுக்குச் சொன்ன சொல்தான் என்று
உயர்நிலை இரண்டில் படித்தது ஞாபகம் வந்தது.
அது எந்த வருடம் கெட்டுப்போனது,
யார் முதலில் முகம் சுளித்தது,
அதெல்லாம் பாடத்தில் இல்லை.
இத்தனை சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு
எதை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல்
கூடத்து நடுவில் நின்றோம்,
மூக்கைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பேரும்.

பெருங்காயம் என்று சொல்லிவிடலாம்.
டப்பா மேலேயே எழுதியிருக்கிறது.
மல்லிகை, விபூதி, தீபாவளிப் பலகாரம்
என்று சொல்லலாம்.
மகள் தொடக்கப்பள்ளியில் படித்தபோது
இன நல்லிணக்க நாளுக்கு
அட்டையில் எழுதிக்கொண்டு போன பதில் அது.
நட்சத்திரம் ஒட்டி அனுப்பினார்கள்.
ஒன்றும் பொய்யில்லை.
எங்கள் வீடும் அதில் இல்லை.

பிறகு பித்தப்பையில் கல்.
ஈசூன் மருத்துவமனையில் பதினொரு நாள்.
நான் ஊரார் வடிகட்டியைக் கழுவுவதுபோல
என் மூக்கைக் கழுவிக் காயவைத்தார்கள்.
பன்னிரண்டாம் நாள் கதவைத் திறந்தேன்.

அடித்தது.

யாரோ ஒரு தமிழர் வீடு என்று நினைத்தேன்.
நல்ல குடும்பம், எண்ணெயில் கொஞ்சம் சிக்கனம்.
யாருக்கோ மூட்டு வலி.
துணி வெயிலில் காயவில்லை.
ஒரு சண்டை நடந்து, சமாதானம் ஆகாமலே
காப்பி போட்டிருக்கிறார்கள்.
இதற்கெல்லாம் அடியில் இன்னும் ஏதோ ஒன்று,
சொல் தொண்டை தாண்டி நாக்கு வரைக்கும் வந்தது,

செருப்பைக் கழற்றக் குனிந்து நிமிர்ந்தேன்.
போய்விட்டது.
அதற்குள் நான் வீட்டுக்காரன் ஆகிவிட்டேன்.

வெளியே போய், கதவைச் சாத்தி,
மறுபடி திறந்து பார்த்தேன்.
டாக்டரைக் கூப்பிடவா என்றாள் கமலவேணி.

ஹம்டானிடம் கேட்டேன்.
பத்தொன்பது வருடம் ஏணிக்குக் கீழே நின்றவன்,
என் வேனில் தினமும் வருகிறவன்.
சிக்னல் பச்சையாகும்வரை யோசித்தான்.
நீ லீவு போடுற அன்னைக்கு
வேன்ல எது இல்லையோ அதுதான் என்றான்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆள் வருகிறது.
இரண்டு சன்னலைத் திறந்துவிட்டேன்.
மூன்றாவது, சமையலறையோடது,
துருவேறி இறுகிக் கிடக்கிறது.
இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் திறக்கும்.
எண்ணெய்க் குப்பி
கையிலேயேதான் இருக்கிறது.