அரைப்பேர்

சனிக்கிழமை கண்டியில் பரீட்சை.
தலவாக்கலையில் நாலரை பஸ்ஸைப் பிடித்தால்தான்
ஒன்பதுக்கு மண்டபத்தில் இருக்கலாம்.
இன்று வியாழன். கொழுந்து மடுவத்தில்
தராசுக்குப் பக்கத்தில் என் மேசை.
செக்ரோலுக்கு அடியில்
பகிரங்க சர்வதேசச் சட்டம், முதற்பகுதி,
போன கிழமை மழையில் ஊதிப் பெருத்த ஃபோட்டோ பிரதி.

அரசுக்கு நான்கு வேண்டுமாம்:
நிலையான மக்கள், வரையறுத்த நிலம்,
ஓர் அரசாங்கம்,
பிற அரசுகளோடு பேசும் தகுதி.
இந்தத் தோட்டத்திலேயே முதல் மூன்றும் இருக்கின்றன என்று
துலாஞ்சலிக்குச் செய்தி அனுப்பினேன்.
நான்காவது? என்றாள் கினிகத்தேனையிலிருந்து.
துரை பங்களாவில் ஃபோன் இருக்கிறது என்றேன்.
சிரிப்பு முகம் ஒன்று வந்து சேர
சிக்னல் போய்விட்டது.

சட்டத்துக்கு ஆள் வேண்டும்.
உரிமையும் கடமையும் தாங்குகிற ஆள்.
அந்தப் பிரதியில் ஆள் என்றால் அரசு.
என் புத்தகத்தில் ஆள் இல்லை, பேர்தான்.
பதினெட்டுக் கிலோவுக்கு ஒரு பேர்,
பதினாறுக்கு அரைப்பேர்.
நான்தான் போடுகிறேன், நீல மையால்.

அறுபத்து நாலில் இரண்டு ஆள் கையொப்பமிட்டார்கள்.
ஐந்தேகால் இலட்சம் பேர் அங்கே,
மூன்று இலட்சம் பேர் இங்கே,
ஒன்றரை இலட்சம் பிறகு பார்க்கலாம்.
எங்கள் லயத்தில் மூன்று காம்பரா
அந்தப் 'பிறகு'க்குள் குடியிருந்தது.
பத்து வருடம் கழித்துப் பார்த்தார்கள்:
ஆளுக்குப் பாதி.

பொருத்தனை காக்கப்பட வேண்டும், இது ஒரு விதி.
சம்மதிக்காத மூன்றாந்தரப்பை அது கட்டாது, இது இன்னொன்று.
ஒப்படையில் இரண்டையும் அருகருகே வைத்து
எழுதினேன்: மூன்றாந்தரப்பு நாங்கள்.
சிவப்பு மையோடு திரும்பி வந்தது.
'மூன்றாந்தரப்பு என்பது மூன்றாவது அரசு.
உணர்ச்சியைத் தவிர்க்க.'
அரைப் புள்ளி.
அவர் சொன்னது சரி. நாலைந்து இரவு புரட்டிப் பார்த்தேன்,
சரிதான்.
சனிக்கிழமை அப்படியே எழுதுவேன்.

மணி நாலு. ஏழாம் நம்பர் மலையிலிருந்து
பெண்கள் இறங்கி வருகிறார்கள்.
சாக்கு ஏறுகிறது. இலக்கம் துள்ளி நிற்கிறது.
பத்தொன்பது.
சாக்குக்கு ஒன்று, தண்ணிக்கு இரண்டு,
பதினாறு என்கிறார் கணக்கப்பிள்ளை.
யார் வைத்த கழிவு? எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை,
இரண்டு அலுமாரி தேடியிருக்கிறேன்.
பக்கம் முப்பத்தொன்று:
காலங்காலமாகச் செய்து வந்தால் மட்டும்
வழக்காறு சட்டமாகாது.
செய்யக் கடமைப்பட்டோம் என்ற நம்பிக்கையும் வேண்டும்.

பவளக்கொடி அக்கா நம்பவில்லை.
"இன்னைக்கி மழையே இல்ல, எந்தத் தண்ணிக்கு வெட்டுறீங்க?"
நேற்றும் கேட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றும்.
கழிவு வந்த முதல் நாளே கேட்டவராம்,
அன்றிலிருந்து ஒரு நிறுவையும் தவறவில்லையாம்.
"அது கேக்கும். நீங்க போடுங்க மிஸ், அரைப்பேர்."

பக்கம் முப்பத்து நாலு:
வழக்காறு உருவாகும்போதே தொடங்கி
இடைவிடாது எதிர்த்துவரும் அரசை
அது கட்டுப்படுத்தாது.
அரசை. தெரியும்.
கீழே அடிக்குறிப்பு, எறும்பெழுத்தில்:
எதிர்ப்பு வெளிப்படையாய் இருக்கவேண்டும்;
பதிவில்லாத எதிர்ப்பை நிரூபிப்பது கடினம்.

அரைப்பேர் போட்டேன்.
செக்ரோலின் வலக்கோடியில் 'குறிப்பு' என்றொரு பத்தி,
லீவு, பிரசவம், குளவிக் கொட்டு, அதற்குத்தான்.
யாரும் படிப்பதில்லை.
திகதியிட்டு, அதே நீல மையால் எழுதினேன்:
ஆட்சேபித்தார்.

அடுத்த சாக்கு ஏறியது.