மொய் நோட்டு

புதுவயலில் எந்த வண்டியை நிறுத்தினாலும்
மாலைக்குள் அதன் சீட்டில் பெயர் எழுதலாம்.
நான் எழுதிப் பார்த்திருக்கிறேன்:
ரெஜினா, ஆற்றல் தணிக்கையாளர்.
இரண்டு வரி, ஒரே விரல்.
உமிச் சாம்பல் நல்ல தாள்.

வயிரவன் மில்லில் நீராவிக் குழாய்க்குச்
சணல் சாக்கு சுற்றிக் கயிறு கட்டியிருந்தது,
காய்ச்சல்காரனுக்குக் கம்பளி மாதிரி.
மோட்டாரை ஏழு தடவை திரும்பக் கட்டியாயிற்றாம்.
புகைக்கூண்டில் கருவியைச் செருகினேன்:
இருநூற்று எண்பது டிகிரி.
"அவ்வளவு சூடும் எங்கே போகுது?" என்றார்.
மேலே கை காட்டினேன்.
வானம் அவருடைய வாடிக்கையாளர்.
முப்பது வருஷமாகக் கடன் பாக்கி.

திட்டம் நல்ல திட்டம்தான்.
பாதி அரசு, பாதி மில்காரர்.
நான்கு பக்க ஒப்பந்தத்தில்
முதல் தரப்பு உண்டு, இரண்டாம் தரப்பு உண்டு.
கீழத்தெருக் கொடியில் காயும் வேட்டிக்குத்
தரப்பு கிடையாது.

மாட்டிவிட்டு ரசீது கொண்டா, மானியம் என்றது அலுவலகம்.
மானியக் கடிதம் கொண்டா, கடன் என்றது வங்கி.
கடன் வரட்டும், மாட்டுறேன் என்றார் வயிரவன்.
மூன்று பேர் சொன்னதும் சரி.
மூன்று சரியும் சேர்ந்து பதினோரு மாதம்
என் மேசைமேல் உட்கார்ந்திருந்தன.

சங்கக் கூட்டத்தில், டீ ஆறிய பிறகு,
சின்ன மில் உமையாள் கேட்டாள்:
"கல்யாணத்துக்கு மொய் எழுதுறோம்.
பாய்லருக்கு எழுதினா என்ன?"
சிரித்தார்கள்.
சிரித்து முடிப்பதற்குள் யாரோ
நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்துவிட்டார்கள்,
மூலையில் மஞ்சள் தடவி.

முதல் மொய் உமையாளுடையதே. ஐம்பதாயிரம்.
பதின்மூன்று மில், பதின்மூன்று வரி.
முதலில் வயிரவனுக்கு, அப்புறம் குலுக்கல்.
மிச்சமாகும் மின்கட்டணத்திலிருந்து
திருப்பி எழுத வேண்டும், மேலே ஒரு ரூபாய் வைத்து.

படிவத்தில் 'தனியார் பங்கு வந்த வழி' என்ற கட்டத்துக்கு
வங்கி, சொந்த நிதி, இதர என்று மூன்றே வாசல்.
மொய் என்று எழுதினேன். திரும்பி வந்தது.
இதர என்று எழுதினேன். போனது.
ஒரு பொறியாளர் மட்டும் போனில் கேட்டார்:
"இதரன்னா என்னம்மா?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"நான் அறந்தாங்கிப் பக்கம்தான்" என்றார்.
அந்த வாரமே கையெழுத்து.

ஆவணியில் மாட்டினோம்.
வெளியே ஓடும் சூட்டைப் பிடித்து
உள்ளே வரும் தண்ணீருக்குக் கொடுக்கும் குழாய்க்கொத்து.
சாம்பலைச் சுழற்றிக் கீழே இறக்கும் கூம்பு.
நாளைக்கு நாற்பது கூடை உமி மிச்சம் என்கிறார்
பாய்லர்கார அடைக்கலம்.
என் கணக்கில் முப்பத்தொன்று.
கூடை அவருடையது; சண்டை போடவில்லை.

கிழக்கே இரண்டு மில் இன்னும் நோட்டில் சேரவில்லை.
ஐப்பசிக் காற்று அவர்களையும்
இங்கேதான் கொண்டுவந்து கொட்டும்.

நேற்று மாலை சீட்டில் எழுதிப் பார்த்தேன்.
ரெஜினா வரை வந்தது.
ஆற்றல் தணிக்கையாளருக்குச்
சாம்பல் போதவில்லை.