நாலாம் நம்பர்

தை பிறந்து பதினோரு நாள்.
சந்தூரைச் சுற்றி மாமரமெல்லாம் பூவெடுத்து நிற்கிறது,
தத்துப்பூச்சிக்கும் அது தெரியும்.
என்னிடம் ஐந்து மருந்தடிக்கும் மிஷின்.
நாள் வாடகை முந்நூறு, பெட்ரோல் அவரவர் பாடு.
ராத்திரி எட்டுக்குத் திரும்பி வரும்,
விடிய நாலுக்கு வேறு தோப்புக்குக் கிளம்பும்.
இடையில் அவை ஆற வேண்டும்.
சூட்டோடு பிளக்கைத் திருகினால்
அலுமினியம் தன் மரையையும் சேர்த்துக் கொடுத்துவிடும்.

ஆறியபின் மூடியைப் பிடித்து இழுக்கிறேன்,
வயரைப் பிடித்தல்ல.
சுற்றிலும் ஊதுகிறேன்.
குழிக்குள் ஒரு மணல் விழுந்தால்
சிலிண்டர் சுவரில் அது தன் பெயரை எழுதிவிட்டுத்தான் போகும்.

கெம்பராசு கொண்டுபோனது கரிக்கட்டைக் கறுப்பு,
விரலில் தூளாய் உதிர்கிறது:
சோக்கை இழுத்தவன் திருப்பித் தள்ளவேயில்லை.
"ஆயில் அளவாத்தான்மா ஊத்துனேன்"
என்றார் ரிட்டயர்டு வாத்தியார்.
பிளக் பிசுபிசுவென்று மினுங்குகிறது.
பாடம் எடுத்தவரிடம் நான் என்ன சொல்ல.
அஞ்சாம் நம்பர் மட்டும்
வறுத்த கேழ்வரகு மாவு நிறத்தில் இருக்கிறது.
யார் ஓட்டியது என்று நோட்டில் பார்த்தேன்.
போன மாதம் வந்த பீகார் பையன், பெயர்கூட எழுதவில்லை,
'புதுசு' என்று போட்டிருக்கிறேன்.

கம்பி பிரஷ், ஒரு சொட்டு பெட்ரோல், பழைய பனியன்.
இடைவெளிக்கு அளவு
உடைந்த ஹேக்ஸா பிளேடின் முதுகுதான்:
சிக்கியும் சிக்காமலும் போய்வர வேண்டும்.
ஷெட் லைட்டை அணைத்து,
பிளக்கை எஞ்சின் மேல் சாய்த்துப் பிடித்துக்
கயிற்றை இழுக்கிறேன்.
டப். நீலம்.
மஞ்சளாய் வந்தால் அது வெறும் ஒப்புக்கு எரிவது.

இனி நாலாம் நம்பர்.
ஒரப்பம் திம்மராயன்.
மூன்று நாள் வாடகை பாக்கி.
போன வாரம் பால் சொசைட்டி வாசலில்
கேன் வைத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன்.
"அடிக்க அடிக்க நின்னு போவுது, அதுக்கும் வாடகையாக்கா?"
"மிஷின்ல ஒண்ணுமில்ல,
கோளாறெல்லாம் உன் கையில."
யாரோ சிரித்தார்கள். நான்தான் சிரிக்க வைத்தேன்.

ஸ்பேனர் ஏறவே முரண்டு பிடிக்கிறது.
வெளியே வந்தது புத்தம் புதுப் பிளக்,
பீங்கானில் கம்பெனி எழுத்துகூட மங்கவில்லை.
கைப்பிடியில் முடிந்திருந்த பாலிதீன் பைக்குள்
என் பழைய பிளக்.
டார்ச் அடித்தேன். திருப்பினேன்.
பீங்கானில் ஒரு விரிசல்,
சீப்பில் மிஞ்சிய முடி அளவுக்கு.
போன ஞாயிறு இதே பிளக்கைத் துடைத்து
நல்லது என்று மாட்டியவள் நான்.

அதோடு விட்டிருந்தால் அவன் ஜெயித்திருப்பான்.
ஆனால் பிளக்கின் மரையில் சுருண்டு கிடக்கிறது
வெள்ளி நூல் மாதிரி ஒரு அலுமினியச் சீவல்.
கையால் பின்பக்கமாய்ச் சுற்றி,
'டிக்'கென்று மரை உட்காரும்வரை பொறுத்து,
பிறகல்லவா முன்னால் திருக வேண்டும்!
அவனோ எடுத்த எடுப்பில் ஸ்பேனர் போட்டு
என் மேலிருந்த கோபத்தை முழுசாய் இறுக்கியிருக்கிறான்.
மூன்று மரை காலி.

நோட்டில் எழுதிப் பார்த்தேன்:
வாடகை தொள்ளாயிரம், அவன் தரணும்.
பிளக் நூற்று நாற்பது, நான் தரணும்.
கிருஷ்ணகிரி லேத்தில் புஷ் அடிக்க நானூற்றைம்பது.
அதற்கு நேரே யார் பெயர் போடுவது?
பால் சொசைட்டி வாசல்
என்றொரு வரி எழுதினேன்.
தொகை போடவில்லை.

நாலு மணிக்கு அவனே வந்தான்,
மப்ளருக்குள் மூச்சு புகைகிறது.
ஷெட்டுக்குள் வராமல்
நிலைக்கு வெளியே நின்றுகொண்டு கேட்டான்:
"பிளக் எப்பிடிக்கா இருக்கு?"

"நல்ல பிளக்" என்றேன்.
சாக்கை இழுத்து நாலாம் நம்பரை மூடினேன்.
வாத்தியாருக்கு வைத்திருந்த ரெண்டாம் நம்பரைத் தூக்கி
அவன் முதுகில் ஏற்றிவிட்டேன்.