கேட்டது

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம்
நயாஸ் கடையில் நானூற்றைம்பது சொன்னான்.
யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்த பீஸ் என்பதால்
முந்நூற்றிருபது.
தீப்பெட்டியைவிடச் சின்னது. திரை கிடையாது.
என்ன பாட்டு, யார் பாடுவது, இன்னும் எத்தனை பாக்கி,
எதுவும் சொல்லாது.
பாட்டு ஏற்ற இருபது ரூபாய் தனி.

மாம்பழக்கூழ் கம்பெனி வாசலில்
செல்போனை வாங்கி
நம்பர் போட்ட மரப்பெட்டியில் வைத்துவிடுவார்கள்.
இதைப் பற்றி நோட்டீஸில் ஒன்றும் எழுதவில்லை.
ஜாக்கெட்டில் கிளிப், தொப்பிக்குள் வயர்,
இடது காது மட்டும்.
வலது போன மாசமே செத்துவிட்டது.

பெல்ட்டில் பெங்களூரா வந்துகொண்டே இருக்கும்,
காய் இந்தப் பக்கம், அழுகல் அந்தப் பக்கம்.
கையெல்லாம் பால். பட்டனைத் தொட முடியாது.
பிடிக்காத பாட்டையும் முழுசாகக் கேட்டாக வேண்டும்.
அப்படித்தான் அவனையும் கேட்டேன்.

ஒரு குத்துப்பாட்டுக்கும் ஒரு முருகன் பாட்டுக்கும் நடுவே
தொண்டையைச் செருமுகிறான்.
"அண்ணே, ஒரு ரெண்டாயிரம் இருந்தா குடுங்க,
சம்பளம் வந்ததும் தந்துடறேன்."
நிறுத்துகிறான். மறுபடியும்,
"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க, வேற வழியில்ல, பொண்ணு..."
பொண்ணுக்கு என்ன என்பதற்குள் சிரித்துவிடுகிறான்,
இல்லை, இருமலோ.
மெஷின் சத்தத்தில் பிரியவில்லை.
மூன்றாவது தடவை:
"அண்ணே. ரெண்டாயிரம் வேணும்."
அவ்வளவுதான்.
ஒரு பஸ் ஹாரன். பிறகு முருகன்.

கம்ப்யூட்டரில் போட்டால் அழிச்சிடலாம்க்கா என்றான் நயாஸ்.
போகவில்லை.
ராத்திரி ஷிப்டில் இரண்டு முறை வருவான்,
பதினொன்றே முக்காலுக்கு ஒன்று,
டீ விட்ட பிறகு ஒன்று.
இரண்டாவது தடவை கேட்பதில்தான் எனக்குக் கோபம் வரும்.
பொண்ணை ஏன்டா இழுக்கிற.

ஆனி கடைசியில் வரத்துக் குறைந்தது.
வாரத்தில் மூன்று நாள்தான் வேலை.
சின்னவனுக்கு ஐ.டி.ஐ.யில் பணம் கட்ட வேண்டும்.
கான்ட்ராக்டர் திம்மராயன்
பைக்கில் சாவியைத் திருகும்போது போய் நின்றேன்.
வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்த பேச்சு
அங்கே வந்ததும் காணோம்.
"அண்ணே. ரெண்டாயிரம் வேணும்."
எனக்கு வேண்டியிருந்தது ஆயிரத்து எண்ணூறுதான்.

அவர் முகத்தைப் பார்க்கவில்லை.
தொப்பியிலிருந்து நழுவின வயரைப் பார்த்தார்.
"அதென்ன முனிரத்னா, பாட்டா?"
"ஆமாங்க."
எண்ணி ஆயிரம் கொடுத்தார்.
வயரைப் பற்றி நாளைக்குப் பேசுவாராம்.

பதினொன்றே முக்கால்.
தொண்டையைச் செருமினான்.
"ஆயிரம்தான்டா குடுத்தாரு" என்றேன்.
எதிரே நின்ற ஷகிலா "என்னாது?" என்று நிமிர்ந்தாள்.
அதற்குள் ஒரு கெட்ட பழம்
எங்கள் ரெண்டு பேரையும் தாண்டிப் போய்விட்டது.